சாம்பிராணி போட்ட புண்ணாக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடும்போதெல்லாம் ரம்லத்துக்குக் கடலைப் புண்ணாக்கு ஞாபகம் வந்துவிடும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மற்றவர்களுக்கு அந்த வாசத்தில் தர்கா ஞாபகம் வரும், பிள்ளை பெற்று வந்த வீடு ஞாபகம் வரும். இவளுக்குப் புண்ணாக்கு. இந்த நோன்பு மாதத்திலும் அப்படித்தான். தட்டில் கங்கு எடுத்து ஒரு சிட்டிகை தூவினாள். புகை எழும்பி உள்ளறைக்குள் நுழைந்ததுமே அந்த வருஷம் முழுக்க வந்து அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டது. இரண்டாயிரத்து ஐந்து. குளத்து மீனெல்லாம் சீக்கில் விழுந்த வருஷம். ஆனாலும் யாராவது கேட்டால், தன் ஆயுசிலேயே நல்ல வருஷம் அதுதான் என்பாள்.

காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே அவர்கள் தோட்டம். வீடும் தோட்டத்துக்குள்ளேயே. எல்லாம் திராட்சைப் பந்தல்தான். பள்ளத்தில் இருந்த கொடிகள் மட்டும் வருஷா வருஷம் வேர் அழுகி ஏமாற்றிக்கொண்டிருந்தன. ரம்லத்தின் புருஷன் சேக் பரீத் எதையும் செய்துவிட்டு அப்புறம் யோசிக்கிற ஆள். ஒருநாள் பந்தல் கல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டு, பொக்லைனை வரவழைத்து, அந்தப் பள்ளத்தில் குளம் வெட்டிவிட்டார். கிணற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து குளம் நிறைந்த பிறகுதான், இதில் என்ன செய்வது என்று வீட்டுக்குள் வந்து கேட்டார்.

"மீன விடுங்க" என்றாள் ரம்லத். அடுப்பில் வேலையாக இருந்தவள் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மறுநாளே அவர் வைகை அணைக்குப் போய், காற்றடைத்த பாலிதீன் பைகளில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

வெட்டியது அவர் என்றாலும் குளம் ரம்லத்துடையதாகிவிட்டது. ஒரே மகள் நிலோபரைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சென்று கிடந்த நேரம் அது. புண்ணாக்கையும் தவிட்டையும் சரிபாதியாக ஊறவைத்துப் பிசைந்து, ஓட்டை போட்ட உரச் சாக்கில் அடைத்து, தண்ணீருக்குள் ஊன்றிய மூங்கிலில் கட்டித் தொங்கவிடுவார்கள். மீன்கள் ஓட்டையில் வாய் வைத்து இழுக்கும். இழுக்க இழுக்கச் சாக்கு ஆடும். விடியற்காலை பஜ்ரு தொழுததும் கரையில் வந்து குத்த வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கட்லா இழுத்தால் சாக்கு ஒரு பக்கமாக வெட்டி ஆடும், ரோகு என்றால் நடுக்கம் மட்டும்தான் என்று அவளாகவே ஒரு கணக்கு வைத்திருந்தாள். சேக் பரீத் வாசலில் பல் விளக்கிக்கொண்டே, "என்ன, சாக்கு ஆடுதா?" என்று சத்தம் கொடுப்பார். "ஆடுது, ஆடுது" என்று இவள் சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் காலை டீ.

இந்த இடத்தில் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ராஜா முகம்மது ரம்லத்துக்குக் கூடப் பிறந்த ஒரே அண்ணன். உத்தமபாளையத்தில் கடலை எண்ணெய் மில் வைத்திருந்தார். அத்தா மவுத்தான பிறகு இவளுக்குத் தகப்பனும் அவரேதான். தூக்கி வளர்த்தவர், கட்டிக்கொடுத்தவர், நிலோபர் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தவர். அந்த மனுஷர் தன் மகன் ஆசாத்துக்கு நிலோபரைப் பெண் கேட்டு வந்தார். உரிமைப் பெண், கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. நிலோபரோ டீச்சர் டிரெயினிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதைப் பதமாகச் சொல்லியிருக்கலாம். சேக் பரீத் வாயில் பதம் ஏது? "எம்புள்ளய ஒங்க மில்லுத் தூசிக்குள்ள தள்ளுறதுக்கா பெத்தேன்?" என்று கேட்டுவிட்டார். ராஜா முகம்மது ஆற்றிக் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். ஏழு வருஷம் திரும்பிப் பார்க்கவில்லை. நிலோபர் கல்யாணத்துக்கு வந்தார், பந்தியில் உட்காரவில்லை. ஆசாத் கல்யாணத்துக்கு இவர்கள் போனார்கள், வாங்க என்று சொன்னதோடு சரி. பெருநாளைக்கு அண்ணன் எடுத்துக் கொடுக்கிற சேலை நின்றுபோனது. பீரோவில் பழைய சேலைகளை எடுத்து மடித்து மடித்து வைப்பாள் ரம்லத். உடுத்த மனசு வராது.

அப்படி இருக்கும்போதுதான், வைகாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் வாசலில் மினி லாரி வந்து நின்றது.

"உத்தமபாளையம் மொதலாளி குடுத்து விட்டாக" என்றார் டிரைவர். "தங்கச்சி மீன் வளக்குறதாக் கேள்விப்பட்டாகளாம். புண்ணாக்கு."

பச்சை நூலில் வாய் தைத்த சாக்குகள். அண்ணன் மில்லில் அத்தா காலத்திலிருந்தே பச்சை நூல்தான். கூடவே ஒரு சீட்டு இல்லை, வந்துசேர்ந்ததா என்று கேட்டு ஒரு போன் இல்லை. ரம்லத் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தூணைப் பிடித்தபடி நின்றாள். வெளியாள் முன்னால் அழக்கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை.

"மில்லுக்காரருக்கு மனசு எளகிருச்சு போல" என்றார் சேக் பரீத். அன்றைக்குச் சொன்ன வார்த்தை அவரையும் ஏழு வருஷமாக அரித்துக்கொண்டுதான் இருந்தது. வீறாப்பு விடவில்லை, அவ்வளவுதான். மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டு, "நோம்புக்கு முந்தி வலை போடுவோம்ல, அன்னைக்கு மச்சானைக் கூப்புடு. மொத வலைய அவரு கையால இழுக்கட்டும்" என்றார். எந்த நல்ல காரியத்துக்கும் பெண்ணின் கூடப் பிறந்தவன் கை முதலில் பட வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் உள்ளதுதான். ஆனால் அதைச் சேக் பரீத் வாயாலேயே கேட்டபோது ரம்லத்துக்கு நிஜமாகவே கால் தரையில் பாவவில்லை.

நியாயமாக அந்த மூட்டைகள் போயிருக்க வேண்டிய இடம் மோட்டார் ரூம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற தவசி ஒரு மூட்டையைச் சைக்கிளில் வைத்து அங்கே கொண்டுபோய் இறக்கியும்விட்டான். தவசிக்கு ரேடியோ இல்லாமல் எந்த வேலையும் ஓடாது. பாட்டுக் கேட்டுக்கொண்டே அடுத்த மூட்டைக்கு வந்தவனை ரம்லத் மறித்தாள்.

"எங்கன தூக்கிட்டுப் போற? பொறந்த வீட்டுச் சீரு அது. உர மூட்டையோடயும் பூச்சிமருந்தோடயும் போட்டு வைக்கவா எங்கண்ணன் குடுத்து விட்டாக? உள்ள கொண்டா. இனிமே நான் எடுத்துக் குடுக்குறதுதான், நீ ஒண்ணையும் தொடாத."

தவசி சிரித்தபடி உள்ளே கொண்டுவந்தான். வீட்டின் மேலண்டை உள்ளறையில், அவள் அம்மா கொடுத்த பித்தளைப் பாத்திரங்களும் கல்யாணப் பெட்டியும் இருக்கிற இடத்தில், சுவரை ஒட்டித் தரையிலேயே மூட்டைகளை அடுக்கினார்கள். அந்த வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தட்டோடு உள்ளறைக்குப் போனவள், மூட்டைகளுக்கும் ஒரு சுற்றுக் காட்டினாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் காட்டினாள்.

"புண்ணாக்குக்குச் சாம்பிராணி போடுறவ இந்த ஒலகத்துலயே நீ ஒருத்திதான்டி" என்றார் சேக் பரீத்.

"இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

ஆனியில் கூடலூர் மலையிலிருந்து சாரல் இறங்கியது. அந்த வருஷம் விடாத சாரல். துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, உப்பு ஜாடிக்குள்ளே தண்ணீர் நின்றது. ரம்லத்துக்கு மூட்டைகளை நினைத்துத்தான் கவலை. திராட்சைக்கு மேலே போடுகிற தார்ப்பாயை எடுத்துவந்து, நாலு பக்கமும் இழுத்து மூடி, ஓரத்தில் செங்கல் வைத்து அமுக்கினாள். காற்றுகூட உள்ளே போகாது. தினமும் ஒரு மூலையை மட்டும் தூக்கி, அன்றைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மறுபடி பொத்தி வைத்தாள். பிள்ளைக்குப் போர்த்துவதுகூட இத்தனை பத்திரமாக இருக்காது.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் புண்ணாக்கில் பூசணம் தெரிந்தது. சில துண்டுகளில் சாம்பல் நிறம், சிலவற்றில் பச்சை. ரம்லத் கத்தியால் சுரண்டினாள். வெயில் தலைகாட்டினால் முறத்தில் பரப்பிக் காயவைத்தாள். மாட்டுக்கு வைக்கிறதில் பூத்தாலும் தட்டிவிட்டுத்தானே வைக்கிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சேக் பரீத்திடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அண்ணனைப் பற்றி ஏதாவது ஒரு வார்த்தை வரும். ஒரு வார்த்தைக்கு ஏழு வருஷம் போனதை அவள் பார்த்தவள்.

ஆவணியில் சாக்கு ஆடுவது குறைந்தது. முதலில் மப்பு வானம் காரணம் என்றார்கள். பிறகு காலையில் மதகு ஓரமாக ஒரு மீன் செத்து மிதந்தது. மறுநாள் இன்னொன்று. மொத்தமாகச் செத்தாலாவது என்ன ஏது என்று ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். இது தினம் ஒன்று, சில நாள் இரண்டு. மற்றவை கரையோரம் தூங்கி வழிந்தன. கை தட்டினால் ஓடிவருகிற கூட்டம் தட்டியும் வரவில்லை. மேலெல்லாம் சின்னச் சின்னப் புண். இத்தனை மாதத்துக்குக் கனத்திருக்க வேண்டிய உடம்பு, வால் பக்கம் வற்றிப்போய்த் தலை மட்டும் பெரிசாகத் தெரிந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பூச்சிமருந்து இறங்கிவிட்டது என்று சேக் பரீத் அந்தத் தோட்டக்காரரோடு ஒரு சண்டை போட்டுப் பார்த்தார். சுண்ணாம்பு கரைத்து ஊற்றினார், உப்புப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ரம்லத்துக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சவலைப் பிள்ளைக்குச் சத்தாகக் கொடுக்க வேண்டும். தவிட்டைக் குறைத்துவிட்டு, அண்ணன் அனுப்பிய புண்ணாக்கைக் கொஞ்சம் கூட்டிப் போட்டாள்.

கடைசியில் வைகை அணையில் உள்ள மீன்துறை அலுவலகத்திலிருந்து ஜெபராணி வந்தாள். சின்ன வயசுப் பெண், ஸ்கூட்டியில் சேறு தெறிக்க வந்து இறங்கினாள். கரையில் உட்கார்ந்து தண்ணீரைச் சோதித்தாள். அப்புறம் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த ஒரு ரோகுவை எடுத்து வயிற்றைக் கீறினாள்.

"தண்ணியில குறை இல்லண்ணே. ஈரலைப் பாருங்க. நல்லா செவந்து பழுப்பா இருக்கணும். இது மஞ்சளா வெளுத்து ஊதிக் கெடக்கு. அங்கங்க ரத்தப் புள்ளி வேற. செவுளைப் பாருங்க, ரத்தமே இல்ல." கையை அலசிக்கொண்டு நிமிர்ந்தாள். "என்ன தீனி போடுறீங்க?"

ரம்லத் உள்ளே போய் ஒரு துண்டு எடுத்துவந்தாள். ஜெபராணி அதை இரண்டாக உடைத்தாள். மேலே சுத்தமாக இருந்த துண்டுக்கு உள்ளே பச்சை நரம்பு ஓடியிருந்தது.

"சுரண்டிட்டுப் போட்டீங்களாக்கா?"

ரம்லத் தலையை ஆட்டினாள். சேக் பரீத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"பூசணத்தைச் சுரண்டலாம். அது உள்ள விட்ட விஷத்தைச் சுரண்ட முடியாதுக்கா. காய வச்சாலும் போகாது, வேக வச்சாலும் போகாது. கடலையில வர்றது ரொம்பக் கெட்டது. மீனு உடனே சாகாது. ஈரல் கெடும், வளராது, அப்புறம் சின்னச் சீக்கு வந்தாலும் தாங்காது. எங்க வச்சிருக்கீங்க இதை?"

"வீட்டுக்குள்ளதாம்மா. ஒரு சொட்டு ஈரம் படாம மூடி வச்சிருக்கேன்."

"அப்ப வரும்போதே இருந்திருக்கலாம். சரியாக் காயாத கடலைய ஆட்டினாலும் வரும்" என்றாள் ஜெபராணி. "இன்னையோட இதை நிறுத்துங்க. மாடு, கோழிக்கும் வைக்காதீங்க. தண்ணிய மாத்துங்க, புதுப் புண்ணாக்கா பாத்துப் போடுங்க. ரெண்டு மாசம் கழிச்சு நான் வந்து பாத்துச் சொன்ன பெறகு வலை போட்டாப் போதும்."

இருந்திருக்கலாம் என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். சேக் பரீத்தின் கோபத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஸ்கூட்டி தோட்டத்தைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏழு வருசம் மூஞ்சி குடுத்துப் பேசாதவரு எதுக்குத் தூக்கிக் குடுக்குறாருன்னு அன்னைக்கே யோசிச்சிருக்கணும்! கழிச்சுப் போட்ட சரக்க நம்ம தலையில கட்டிட்டாரு. மில்லுத் தூசின்னு சொன்னேன்ல, அதை மனசுல வச்சுச் செஞ்சிருக்காரு மனுசன்!"

அந்த நேரத்தில் ரம்லத்தும் அதை நம்பினாள். முழுக்க இல்லை, ஒரு ஓரத்தில். அண்ணன் நல்ல சரக்கை விற்றுவிட்டு விற்காததை அனுப்பியிருப்பாரோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்துக்கு இன்றைக்கும் தொழுகையில் மன்னிப்புக் கேட்கிறாள்.

சேக் பரீத் மிச்ச மூட்டைகளை ஒரு டெம்போவில் ஏற்றினார். வராதே என்று சொல்லியும் ரம்லத் ஏறி உட்கார்ந்தாள். உத்தமபாளையம் மில் வாசலில், சந்தை நாள், ஆட்களும் வியாபாரிகளும் நிற்க, அவர் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினார்.

"ஒங்க சீரு! எம்மீனையெல்லாம் கொன்னுருச்சு! நீங்களே வச்சுக்கங்க!"

ராஜா முகம்மது உள்ளேயிருந்து வந்தார். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த பனியனோடு நின்று, பூசணம், ஈரல், விஷம் என்று மாப்பிள்ளை கத்தியதையெல்லாம் கேட்டார். குனிந்து ஒரு மூட்டையின் பச்சை நூலை இழுத்துப் பிரித்தார். சாக்கின் வாய்க்குள் முகத்தை வைத்து மோந்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்ததும் டெம்போவுக்குப் பின்னால் நின்ற தங்கச்சியைப் பார்த்தார். அந்தப் பார்வை ரம்லத்துக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

"ஆமா மாப்ள" என்றார். "பழைய சரக்குத்தான். ஆளுக பாக்காம ஏத்திட்டானுக. நான் நின்னு பாத்திருக்கணும். எந்தப்புத்தான்."

சுற்றி நின்ற வியாபாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டைக்கு வந்த சேக் பரீத்துக்குச் சண்டை கிடைக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனிமே ஒங்க வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அண்ணன் தங்கச்சியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வண்டி திரும்பும்போது அவர் அந்த மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வீடு வந்து சேரும்வரை ரம்லத் அழுதாள். மீனுக்காக இல்லை. இந்தத் தடவை ஏழு வருஷத்தில் முடியாது, சாகிற வரைக்கும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நோன்பு பிறந்தது. தேனியிலிருந்து வாங்கிய புதுப் புண்ணாக்கைப் போட்டார்கள். மீன் சாவது குறைந்து, ஒருநாள் நின்றது. சாக்கு லேசாக அசைய ஆரம்பித்தது. சேக் பரீத் வாசலில் நின்று "ஆடுதா?" என்று கேட்டார். ரம்லத் பதில் சொல்லவில்லை. அப்புறம் அவர் கேட்பதையும் விட்டுவிட்டார்.

ஒருநாள் முற்பகல், மதகைத் திறக்கச் சொல்வதற்காகத் தவசியைத் தேடி மோட்டார் ரூமுக்குப் போனாள். அவன் ரேடியோவைக் காதோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவளைப் பார்த்ததும் எழுந்தான். அவன் எழுந்த இடத்தில், கல்லின் மேல் போட்ட பலகையில், ஒரு மூட்டை. பச்சை நூல்.

"இது எது தவசி?"

"அன்னைக்கு லாரில வந்ததுக்கா. மொத மூட்டை. நீங்கதான் நான் எடுத்துக் குடுக்காம ஒண்ணையும் தொடாதன்னீக. அதான் தொடல." தலையைச் சொறிந்தான். "உக்கார்றதுக்குத் தோதா இருந்துச்சு."

ரம்லத் நூலைப் பிரித்தாள். ஒரு துண்டை எடுத்து உடைத்தாள். படக்கென்று உடைந்தது. உள்ளே ஒரே நிறம், ஒரு புள்ளி கிடையாது. மூக்கருகே கொண்டுபோனாள். சின்ன வயசில் அத்தாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு மில்லுக்குள் நுழைந்தால் வருகிற அதே வாசம், சூடு மாறாத கடலை வாசம். நோன்பு, இல்லாவிட்டால் அங்கேயே வாயில் போட்டிருப்பாள். தலைக்கு மேலே ஜன்னல் கம்பி வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. அந்தச் சாரல் காலம் முழுக்க அந்தக் காற்று வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

அவள் நேராக வீட்டுக்கு வந்து உள்ளறைக் கதவைத் திறந்தாள். மூட்டை அடுக்கியிருந்த மேற்குச் சுவரில் கையை வைத்தாள். சாரல் நின்று இத்தனை நாளாகியும் சுவர் சில்லென்று ஈரமாக இருந்தது. மூலையில் மடித்துப்போட்ட தார்ப்பாயைப் பிரித்தாள். உள்பக்கம் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அண்ணன் நல்லதைத்தான் அனுப்பியிருந்தார். சீர் என்று உள்ளே கொண்டுவந்து, ஈரச் சுவரில் சாத்தி, காற்றில்லாமல் பொத்தி, வேர்க்கவைத்துக் கெடுத்தது அவள் கை.

தோட்டத்திலிருந்து வந்த சேக் பரீத்திடம் உடைத்த துண்டைக் காட்டினாள், தார்ப்பாயையும் சுவரையும் காட்டினாள். அவர் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கல்யாணப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அத்தனை பேரு பாக்கத் தள்ளிவிட்டு வந்தேனே" என்றார். அப்புறம், "எனக்கு அங்கன வர மூஞ்சி இல்ல ரம்லத்து. நீ போயிட்டு வா. போயி எம்பேருக்கும் சேத்துச் சொல்லு" என்றார்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு டவுன் பஸ் பிடித்தாள். நல்ல புண்ணாக்கு ஒரு துண்டை முந்தானையில் முடிந்திருந்தாள். மில்லில் ஆட்டம் நின்றிருந்தது. ராஜா முகம்மது நோன்புச் சோர்வோடு கட்டிலில் சாய்ந்திருந்தவர், அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். வா என்று சொல்லவில்லை. கட்டிலில் நகர்ந்து இடம்விட்டார்.

ரம்லத் உட்காரவில்லை. முடிச்சை அவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அண்ணே, ஒரு மூட்டை மோட்டார் ரூம்ல கெடந்துச்சு. ஒங்க சரக்குல ஒரு கொறையும் இல்லண்ணே. நாந்தான்..."

"தெரியும்" என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"நீ உள்ளுக்குள்ள வச்சுப் பொத்திருக்கன்னு தெரியும். அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா எந்தப்புன்னு சொன்னீக? ஊரே பாக்க? நம்ம அத்தா மில்லுண்ணே இது!"

ராஜா முகம்மது அந்தத் துண்டை விரலால் பொடித்துக்கொண்டே இருந்தார்.

"சாக்கப் பிரிச்சு மோந்தேன் ஆத்தா. பூசண வாடை வந்துச்சு. அதுக்கும் மேல சாம்பிராணி வாசம் வந்துச்சு. நம்ம அம்மா வெள்ளிக்கிழமை வீட்டுல போடுமே, அதே வாசம். ஏழு வருசமா நீ என்னைய மறந்துட்டன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். நான் அனுப்புன புண்ணாக்குக்குப் போயி சாம்பிராணி போட்டு வச்சிருக்க." அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார். "உள்ள வச்சதாலதான் கெட்டுச்சுன்னு சொன்னா ஒம்புருசன் அங்கனயே ஒன்னைய ஏசுவாரு. எனக்கு அதுக்கப்பறம் எவன் தப்பா இருந்தா என்ன?"

ரம்லத் கட்டிலில் உட்கார்ந்தாள். அண்ணன் மடியில் தலையை வைத்துக்கொண்டு, கல்யாணம் கட்டிப் போன அன்றைக்கு அழுததுபோல அழுதாள். மில் ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் இரண்டு பேரும் ஒரே சொம்புத் தண்ணீரில் நோன்பு திறந்தார்கள். பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியை அவர் அவளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தான் குடித்தார்.

பெருநாள் கழிந்து, ஜெபராணி வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, வலை போட்டார்கள். மீன்கள் வயசுக்கு ஏற்ற கனம் இல்லை. செத்தவை போக மிஞ்சியவையும் அரைகுறையாகத்தான் தேறியிருந்தன. ராஜா முகம்மது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினார். வலைக்கயிற்றின் முனையைச் சேக் பரீத் தலையைக் குனிந்துகொண்டே அவர் கையில் கொடுத்தார்.

"என்ன மாப்ள, மீனு எளச்சிருக்கு, நீங்க பெருத்திருக்கீக?" என்றார் ராஜா முகம்மது.

சேக் பரீத் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கரையேறியதும் தானே அடுப்படிக்குப் போய் டீ போட்டு, தானே ஆற்றி, தானே கொண்டுவந்து மச்சானிடம் நீட்டினார். ராஜா முகம்மது சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணன் மவுத்தாகி இது இரண்டாவது நோன்பு. இப்போதும் வைகாசிக் கடைசியில் மினி லாரி வருகிறது. ஆசாத் அனுப்புகிறான். மூட்டைகளை யாரும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. நேரே மோட்டார் ரூமில், பலகை போட்டு, சுவரில் படாமல், காற்று வருகிற பக்கமாக அடுக்குகிறார்கள்.

ரம்லத் உள்ளறையிலிருந்து சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். குளத்தில் சாக்கு வெட்டி வெட்டி ஆடிக்கொண்டிருந்தது, கட்லாதான். கரை வழியாக நடந்து மோட்டார் ரூமுக்குப் போனாள். தவசி ரேடியோவை நிறுத்திவிட்டு மூட்டையிலிருந்து எழுந்து ஒதுங்கி நின்றான்.